சாலைச் சந்திப்பும் நமது சைக்கிளும்

சென்ற பேரவைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு நிறைவேறி, நூல் விலையைப் பற்றிய விவாதமும் ஒருவாறு ஓய்ந்து, அங்கத்தினர்கள் எழுந்து துண்டை உதறிக்கொண்டிருந்த சமயத்தில், பின் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு முதிய நெசவாளர் கேள்வி ஒன்று கேட்டார். "சங்கத்துக்கு வர்ற வழியிலே அந்தப் பெரிய ரோட்டை எப்படித் தாண்டறதுங்க? யாராச்சும் சொல்லிக் குடுங்க" என்பதே அது. சிலர் நகைத்தனர். ஐம்பது ஆண்டுகளாகச் சைக்கிள் மிதிப்பவர் இவ்வாறு கேட்டால் நகைப்பு வருவது இயல்புதான். ஆனால் அவர் ஊன்றுகோலுடன் வந்திருந்தார். நான்கு மாதங்களுக்கு முன், நெய்த துணி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு அந்தச் சாலையைக் கடக்கும்போது கார் மோதித் தொடை எலும்பு முறிந்தவர் அவர். எலும்பு கூடிவிட்டது. எனினும் குழித்தறியின் மிதிகளை அழுத்தும் வலு அந்தக் காலுக்கு இன்னும் வரவில்லை. தறி சும்மா கிடக்கிறது.

அவருடைய கேள்விக்கு அன்று எவரும் விடை கூறவில்லை; கூட்டம் கலைந்துவிட்டது. விடை கூறும் கடமை நமக்கு உண்டு என்று கருதுவதால் இதனை எழுதுகிறோம். விடையின் ஒரு பகுதி சைக்கிள் மிதிப்பவரைச் சார்ந்தது. மற்றொரு பகுதி, கேட்பதற்குச் சற்றுக் கசப்பாக இருப்பினும், நமது சங்கத்தையே சார்ந்தது.

சைக்கிளின் காலம் முடிந்துவிட்டது என்று கூறுவோர் உளர். மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் பெருகியிருப்பது மெய்யே. ஆயினும் நமது கிடங்கு வாசலில் ஒரு காலை வேளை நின்று பார்ப்பவர்க்கு உண்மை புலப்படும். பாவும் ஊடு நூலும் வாங்க வரும் முதியோர், கத்தரிக்காய்ச் சாக்கும் கீரைக் கட்டும் ஏற்றிவரும் சிறு விவசாயிகள், பால் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டு வருவோர் ஆகியோரில் எத்தனை பேர் இன்னும் சைக்கிளையே நம்பியிருக்கிறார்கள்! அரசு வழங்கும் விலையில்லாச் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்கள் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகத் திரள் திரளாகச் சைக்கிள் கற்றுக்கொண்டது நாடறிந்த செய்தி. ஏழை ஒருவர் எவரையும் கேளாமல், எண்ணெய்க்குக் காசு தேடாமல், தாம் நினைத்த இடத்துக்குப் போய்வரத் தரும் வாகனம் இது ஒன்றே. அதனை விட்டுவிடுங்கள் என்று நாம் எவருக்கும் சொல்ல மாட்டோம்.

ஆனால் சாலை மாறிவிட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது, 64,105 விபத்துகள். சேலத்திலிருந்து கோவை செல்லும் நெடுஞ்சாலை குமாரபாளையம், பவானி, பெருந்துறை என நெசவும் வேளாண்மையும் செறிந்த பூமியின் ஊடே செல்வது. நான்கு வழிச் சாலையாக அது விரிந்தபின், அதன் ஒரு புறத்தில் வீடும் மறு புறத்தில் தோட்டமோ சங்கமோ உள்ளவர்கள் நாள்தோறும் ஓர் ஆற்றைக் கடப்பதுபோல் கடக்க வேண்டியவர் ஆயினர். ஆற்றுக்காவது வெள்ளம் வடியும் காலம் உண்டு.

முன்னாளில் சைக்கிளுக்கு நகராட்சியில் வரி கட்டி வில்லை வாங்கவேண்டும். விளக்கில்லாமல் இரவில் சென்றாலும், இருவராக ஏறிச் சென்றாலும் போலீஸ்காரர் நிறுத்திச் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடுவார். தள்ளிக்கொண்டு வீடு திரும்பிய அனுபவம் நம்மில் மூத்தவர்களுக்கு மறந்திராது. அந்தக் கெடுபிடி போயிற்று. அதனோடு சைக்கிளுக்கும் விதி உண்டு என்ற நினைவும் போயிற்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் சைக்கிள் மோட்டார் வாகனமன்று. அதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை. 1989இல் வகுக்கப்பட்டுப் பின்னர் 2017இல் புதியனவாக எழுதப்பட்ட சாலை ஒழுங்குமுறைகளும் பெரும்பாலும் மோட்டார் ஓட்டுபவரை நோக்கியே பேசுகின்றன. காவலரோ விளக்கோ இல்லாத சந்திப்பில், பிரதான சாலையில் வருவோர்க்குக் கிளைச் சாலையிலிருந்து வருபவர் வழிவிடவேண்டும். இரண்டும் ஒத்த சாலைகளாயின் தமக்கு வலப்புறமிருந்து வருபவர்க்கு வழிவிடவேண்டும். இது விதி. நம் ஊர் முச்சந்திகளில் இதனை அறிந்தவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா என்பது ஐயமே. ஹாரனை முதலில் அழுத்தியவருக்கே வழி என்பதுதான் நடைமுறையாக இருக்கிறது. அவ்வாறு எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

இனி, முதியவரின் கேள்விக்கு வருவோம். சந்திப்புகளில் மிகக் கொடியது வலப்புறம் திரும்புவதுதான். திரும்புவதற்கு முன் சாலையின் நடுப்பகுதியை ஒட்டி வந்து, பின் திரும்ப வேண்டும் என்று விதி சொல்லும். மோட்டார் வண்டிக்கு அது பொருந்தும். நாற்பது கிலோ மூட்டையுடன் இடது ஓரமாக வருகிற சைக்கிளை, பின்னால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் லாரிகள் வருகையில், இரண்டு தடங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு நடுவுக்குக் கொண்டுபோ என்பது அறிவுடைய பேச்சாகாது. கையை நீட்டிச் சைகை காட்டலாமே என்பார்கள். பாரம் ஏற்றிய சைக்கிளின் ஹேண்டில் பாரிலிருந்து ஒரு கையை எடுத்தால் முன் சக்கரம் எப்படித் துள்ளும் என்பதை ஏற்றிப் பார்த்தவரே அறிவர். தவிரவும் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாதபடி மூட்டை மறைக்கும்.

ஆகவே இரு கட்டமாகத் திரும்புவதே நாம் பரிந்துரைக்கும் முறை. வலப்புறம் போகவேண்டியவர் திரும்பாமல் இடது ஓரமாகவே நேரே சென்று, சந்திப்பைத் தாண்டியதும் இடப்புறம் ஒதுங்கி நின்று, இறங்கி, சைக்கிளை வலப்புறம் நோக்கித் திருப்பிக்கொள்ள வேண்டும். இப்போது அவர் குறுக்குச் சாலையிலிருந்து வந்தவர் ஆகிவிடுகிறார். அங்கிருந்து இரு புறமும் பார்த்து நேராகக் கடக்கலாம். விளக்குள்ள சந்திப்பாயின் குறுக்குச் சாலைக்குப் பச்சை வரும்வரை காத்திருந்து செல்லவேண்டும். ஜப்பானில் நம்மைப்போலவே சாலையின் இடப்புறம் செல்கிறார்கள். அங்கே சைக்கிள்காரர் வலப்புறம் திரும்புவதற்குச் சட்டம் விதித்திருக்கும் முறை இதுவே. டென்மார்க்கில் சாலையின் வலப்புறம் செல்வதால், இடப்புறம் திரும்பும்போது இவ்வாறு செய்யவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். சைக்கிளை மிகுதியாக மிதிக்கும் நாட்டார் கண்ட வழி நமக்கும் உதவும். ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.

கடக்கும்போது எவ்வளவு இடைவெளி வேண்டும்? இதனைக் கண்மதிப்பால் முடிவு செய்வதில்தான் பலர் ஏமாறுகின்றனர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு வழிச் சாலையின் ஒரு பக்கத்தில் இரண்டு தடங்கள். அகலம் 7 மீட்டர். ஓரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 9 மீட்டர். பாரச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் விநாடிக்கு ஒரு மீட்டர்தான் நகர்வார். அவருக்கு 9 விநாடி வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. 9 விநாடியில் ஏறத்தாழ 200 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் காராயின் 250 மீட்டர். ஆக, சாலையோர மின்கம்பங்களில் நான்கைந்து இடைவெளித் தூரம் வெறுமையாக இருந்தாலன்றிக் காலை எடுத்து வைக்கலாகாது. "தூரத்திலேதான் வருகிறது" என்று நாம் எண்ணும் கார் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

வழி கிடைத்து நடுத்திட்டை அடைந்தாயிற்று; இனி அச்சமில்லை என்று நினைப்பது மற்றோர் ஏமாற்றம். சைக்கிளின் நீளம் ஏறத்தாழ ஆறடி. நடுத்திட்டு அதைவிடக் குறுகியதாயின், முன் சக்கரமோ பின்புறத்து மூட்டையோ சாலைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். நமது முதியவர் அடிபட்டது இவ்வாறுதான். அவர் பாதிச் சாலையைச் சரியாகவே கடந்துவிட்டார். நடுத்திட்டின் இடைவெளியில் நின்று, எதிர்ப்பக்கத்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் துணி மூட்டை ஓரடி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கார் தட்டியது மூட்டையைத்தான். சைக்கிளோடு சேர்ந்து அவர் தூக்கியெறியப்பட்டார். நடுத்திட்டில் நிற்கும்போது சைக்கிளைக் குறுக்காக நிறுத்தாமல் திட்டின் நீளவாக்கில் திருப்பி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நமக்கும் அன்றுவரை அது தோன்றியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வேறு சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்லி வைக்கிறோம். லாரி ஒன்று இரக்கப்பட்டு நின்று வழிவிட்டால், நன்றி சொல்லிக்கொண்டே ஓடிவிடக் கூடாது. அந்த லாரியின் மறைவில், அடுத்த தடத்தில், உங்களைக் காணாத ஒரு கார் வந்துகொண்டிருக்கும். லாரியின் முகப்புக்கு நேரே ஒரு கணம் நின்று எட்டிப் பார்த்தே அடுத்த தடத்தில் கால் வைக்க வேண்டும். எதிரே வருபவர் விளக்கை மின்னிக் காட்டினால், "நீ போ" என்று பொருள் கொள்ளாதீர்கள். நம் நாட்டில் அதற்கு "நான் வருகிறேன், நில்" என்பதே பொருள். ரவுண்டானாவில், ஏற்கனவே உள்ளே சுற்றி வருபவர் உங்களுக்கு வலப்புறத்தில் இருப்பார். அவருக்கே முதல் உரிமை. ஆனால் சைக்கிளில் வெளி ஓரமாகச் சுற்றி வருபவரை, ஒவ்வொரு கிளைச் சாலையிலும் வெளியேறும் வண்டிகள் குறுக்கே வெட்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு கிளையையும் நடந்து செல்பவர்போல் கடப்பதே மேல். இறங்கித் தள்ளுவது இளைஞர்களுக்கு மானக் குறைவாகத் தோன்றுகிறது. நமக்கு அப்படித் தோன்றவில்லை.

இடப்புறம் திரும்பும் லாரியைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். சந்திப்பில் நிற்கும் லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் இடையில் உள்ள சந்தில் சைக்கிளை நுழைத்து முன்னே போய் நிற்பது நம்மவர் வழக்கம். ஓட்டுநர் வலப்புறம் அமர்ந்திருக்கிறார். அவருடைய இடப்புறக் கதவின் அடியில் நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குப் படாது. அன்றியும், நீண்ட வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை. உள்வாங்கி, ஓரத்தை அறுத்துக்கொண்டு வரும். கரும்பு ஏற்றிய டிராக்டர் தோட்டத்து வழியில் திரும்பும்போது பின்னாலுள்ள இழுவைப் பெட்டி மூலை வரப்பை இடித்துவிடுவதை நம் விவசாயிகள் எத்தனை முறை பார்த்திருக்கிறார்கள்! அந்த வரப்பு இருக்கும் இடத்தில்தான் சந்திப்பில் சைக்கிள்காரர் நிற்கிறார். லாரியின் பின்னாலேயே நின்றுவிடுவதால் நமக்கு நட்டம் எதுவுமில்லை.

எதிர்ப்புறமாகச் செல்லும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நடுத்திட்டின் இடைவெளி ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி அமைந்துவிட்ட ஊர்களில், சுற்றிவரச் சலித்துச் சாலையின் வலது ஓரமாக எதிரேறி வருவோர் பலர். வெயிலில் பாரத்துடன் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக மிதிப்பது என்னவென்பதை நாம் அறியாமலில்லை. அவர்களைக் குற்றவாளிகள் என்று பேசுவோருடன் நாம் சேர மாட்டோம். இடைவெளியை அங்கே வைத்தவர்கள் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்களல்லர். எனினும் அந்த வழக்கத்தை விட்டே தீரவேண்டும். கிளைச் சாலையிலிருந்து இடப்புறம் திரும்பி நெடுஞ்சாலையில் ஏறும் ஓட்டுநர் தமது வலப்புறத்தை மட்டுமே பார்ப்பார். எதிரேறி வரும் சைக்கிள் அவருடைய இடப்புறமிருந்து வருகிறது. அவர் பார்க்காத திசையில் நாம் வருகிறோம். இன்னொன்றும் உண்டு. விபத்து வழக்கில் இழப்பீடு கேட்கும்போது, அடிபட்டவர் எதிர்ப்புறமாக வந்தார் என்பது நிலைநாட்டப்பட்டால், அவருடைய கவனக்குறைவுக்கும் பங்கு கற்பித்துத் தொகையைக் குறைக்க இடமேற்படும்.

இழப்பீடு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இது கட்டுரையின் நேர்ப்பொருளன்று. ஆயினும் அங்கத்தினர் பலர் அறியாதது. மோதிய வண்டி இன்னதென்று தெரியாமல் ஓடிவிட்ட விபத்துகளில், 2022 ஏப்ரல் முதல், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற மத்திய அரசின் திட்டம் வழி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பவரைத் தொல்லைப்படுத்தலாகாது என்பதும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டமாகியிருக்கிறது. நம் முதியவரைச் சுற்றி நின்ற பதினைந்து பேரில் ஒருவரும் அரை மணி நேரம் அவரைத் தொடவில்லை. சாட்சிக்கு இழுப்பார்கள் என்ற அச்சமே காரணம்.

இனிக் கசப்பான பகுதி. அவர் அன்று அந்தச் சாலையை எந்த நேரத்தில் கடந்தார்? மாலை ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. ஏன் அந்த நேரத்தில்? ஆறு மணிக்குச் சங்கத்தில் சரக்கு எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அன்று சனிக்கிழமை. தவறினால் கூலி அடுத்த வாரத்துக்குப் போய்விடும். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, பின்புற மட்கார்டில் பதித்திருந்த சிவப்புக் கண்ணாடியை மூட்டை மூடியிருந்தது, மனம் கடிகாரத்தில் இருந்தது. ஓட்டுநரின் வேகத்தைக் குறை கூறுகிறோம், நெடுஞ்சாலை அமைப்பைக் குறை கூறுகிறோம். நமது கிடங்கின் கதவு சாத்தும் நேரத்தையும் அவற்றோடு சேர்க்க வேண்டாமா?

கணக்கு முடிக்க நேரம் வேண்டும், ஊழியர்கள் வீடு திரும்பவேண்டும், எப்போது மூடினாலும் கடைசி நேரத்தில் ஓடிவருவோர் இருப்பார்கள் என்று சங்க அலுவலகத்தில் ஆட்சேபம் கூறுகிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நான்கரை மணிக்கு ஓடி வருபவர் பகல் வெளிச்சத்தில் ஓடி வருவார். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆகவே சரக்கு எடுக்கும் நேரத்தை மாலை நான்கரையோடு முடித்து, அதற்கு ஈடாகக் காலையில் ஒன்றரை மணி முன்னதாகத் திறக்கவேண்டும் என்பது நமது திண்ணமான கருத்து. சனிக்கிழமை தவறியவருக்குத் திங்கட்கிழமை காலையில் முதல் வரிசையில் எடுத்து, அன்றே கூலி பட்டுவாடா செய்யவேண்டும். சங்கத்துக்கு இதனால் ஒரு காசும் செலவில்லை. ஒளிபட்டால் மின்னும் ஒட்டுப்பட்டையை மொத்தமாக வாங்கி, அங்கத்தினர் ஒவ்வொருவரின் மூட்டைத் துணியிலும் சாக்கிலும் தைத்துக் கொடுப்பதற்குச் செலவு உண்டு; மிகச் சிறிய செலவு. சைக்கிளில் ஒட்டினால் மூட்டை மறைத்துவிடும், மூட்டையிலேயே தைக்கவேண்டும்.

நெடுஞ்சாலைத் துறையினரிடம் சுரங்கப்பாதை கேட்பதை நாம் தடுக்கவில்லை. கேட்கலாம், கேட்டுக்கொண்டே இருக்கலாம். அது வரும்வரை, சிறிய செலவில் ஆகக்கூடியவை உள்ளன. நடுத்திட்டில் வளர்த்திருக்கும் அரளிச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துள்ளன. இரவில் எதிர் விளக்கின் கூச்சத்தைத் தடுக்க வைத்த செடிகள் அவை, நோக்கம் நல்லதே. ஆனால் இடைவெளியை ஒட்டியும் அவை அடர்ந்து நிற்பதால், அங்கே நிற்கும் மனிதரை ஓட்டுநர் காண்பதில்லை. மனிதரும் வண்டியைக் காண்பதில்லை. இடைவெளியின் இரு புறமும் ஐம்பது மீட்டர் தூரத்துக்கேனும் அவற்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடவேண்டும். சந்திப்புக்கு முன் சாலையில் அதிர்வுக் கோடுகளும், மின்னும் மஞ்சள் விளக்கும் அமைக்கவேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு இவற்றை எழுதிக் கொடுக்க, சங்கத்தின் பெயரில் ஒரு மனு ஆயத்தமாக இருக்கிறது. கையொப்பமிட விரும்பும் அங்கத்தினர்கள் கிடங்கு எழுத்தரிடம் கேட்டுப் பெறலாம்.

தை பிறந்தால் மஞ்சள் அறுவடை தொடங்கிவிடும். சாலையைக் கடப்போர் தொகை இரட்டிக்கும். அதற்கு முன் நிர்வாகக் குழு கூடும்போது நேர மாற்றத்தைத் தீர்மானமாக வைக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஜனவரி 26 கிராம சபையில் அரளிச் செடி பற்றிய தீர்மானத்தை முன்மொழிய அந்த முதியவரே முன்வந்திருக்கிறார். சபை நடக்கும் இடம் சாலைக்கு அப்பால் இருக்கிறது. அவரை அழைத்துப்போக இரண்டு பேர் வேண்டும்.